சிவப்பு நூல் சுற்றிய வாள்

போர்ச்சட்டையைக் கோணிக்குள் போட்டு, இரண்டு கை மணலும் கொஞ்சம் காடியும் விட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்கள். ஒரு முனையை மெஸ்ஸிகஸ் பிடித்துக்கொண்டான். மறுமுனையைச் சௌதெனஸ் பிடித்துக்கொண்டான். தூளி ஆட்டுவதுபோல் இருவரும் ஆட்டினார்கள். உள்ளே இரும்பு வளையங்கள் ஒன்றோடொன்று உரசி, ஓட்டின் மேல் மழை விழுவதுபோல் சத்தம் கேட்டது.

சட்டை தாப்போவுடையது. தாப்போ முந்தின நாள் ஆற்றில் செத்துப்போனான்.

படைவீரன் ஒருவன் செத்தால், அவனோடு ஒரே அறையில் படுத்தவர்கள்தான் அவன் சாமான்களைத் துருவெடுத்துத் துடைத்துக் கிடங்கில் சேர்க்க வேண்டும். பிரித்தானியாவின் வடக்கு எல்லையில் இருந்த அந்தக் கோட்டையில் யாரும் அதை ஒரு கட்டளையாக நினைத்ததில்லை. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைப்பது மாதிரிதான். கிடங்கிலிருந்து அவை வேறொருவனுக்குப் போகும். அவன் பழைய பெயருக்குக் கீழே தன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொள்வான். தாப்போவின் தலைக்கவசத்தில் பிடரியை மூடும் தகட்டில் அப்படி மூன்று பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் அவனுடையது.

"மெதுவா ஆட்டுண்ணே," என்றான் சௌதெனஸ். "நீ ஆட்டுற ஆட்டுல வளையமெல்லாம் தெறிச்சிரும். அடுத்து வர்றவன் இதப் போட்டுக்கிட்டு மீன்தான் பிடிக்கணும்."

மெஸ்ஸிகஸ் வேகத்தைக் குறைத்தான். கோணி கையில் இருக்கிறதா இல்லையா என்பதையே அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ஆற்றிலிருந்து கரையேறியது முதல் விரல்களில் உணர்வு இல்லை. கணப்பில் காட்டிப் பார்த்தான். காலையில் கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து நழுவி, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி புறங்கையில் கொட்டியது. "சுட்டுருச்சா?" என்று எல்லோரும் பதறினார்கள். அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. தாப்போவும் அவனும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். ஒரே கூடாரம், ஒரே திரிகை, ஒரே கோவேறு கழுதை. அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தான். கொட்டாவிதான் வந்தது.

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒருவனுடைய தலைக்கவசம், இடைவார், வாள். கீழே ஆட்டுத்தோல் உறைக்குள் கேடயங்கள். மெஸ்ஸிகஸின் ஆணியில் மட்டும் எல்லாவற்றின் மேலும் ஒரு கம்பளி தொங்கியது. ஈரத்தைக் காயப்போட்டதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கம்பளிக்கு அடியில் இருந்த வாளுறை காலி.

அவன் வாள் ஆற்றோடு போய்விட்டது.

கை போனால் போகட்டும், கால் போனாலும் போகட்டும், மருத்துவக் கொட்டடியில் படுக்கை கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். வாளைத் தொலைத்தவனுக்கு அந்தப் பேச்சே கிடையாது. இடைவாரை உருவிக்கொண்டு வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். மெஸ்ஸிகஸுக்கு வசந்தம் பிறந்தால் இருபத்தைந்து வருஷ சேவை முடிகிறது. வெண்கலத் தகடு வரும். அவனும் அவன் மகள் பெல்லிகாவும் இன்றுமுதல் ரோமானியர்கள் என்று அதில் வெட்டியிருக்கும். தாயில்லாத பெண். கோட்டை வாசலுக்கு வெளியே, செருப்புத் தைப்பவன் வீட்டில் வளர்கிறாள். தகடு வராவிட்டால் எந்தச் சட்டத்திலும் அவள் யாருடைய பெண்ணும் இல்லை.

நாளைக் காலையில் சாமான் சோதனை.

சௌதெனஸ் கோணியைக் கீழே வைத்தான். கதவைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்வேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"தாப்போண்ணன் வாள் இருக்கு."

மெஸ்ஸிகஸ் அவனைப் பார்த்தான்.

"அத எடுத்து உன் உறையில போட்டுக்க. அவர் உறையக் காலியாக் குடுத்துருவோம். ஆத்துல போயிருச்சுன்னா போயிருச்சு. செத்தவர வரிசையில நிக்க வச்சு யாரு கேக்கப் போறா? கிடங்குல அத்ரெக்தஸ் கெழவன் ரெண்டு தடவ மூக்க உறிஞ்சுவான். அதோட கத முடிஞ்சுது."

"அது தாப்போவோடது."

"அவரே இருந்திருந்தா 'எடுத்துக்கடா மடையா'ன்னுதான் சொல்லியிருப்பாரு. இல்லன்னு சொல்லு பாப்போம்!"

இல்லையென்று சொல்ல முடியாது. தாப்போ அப்படித்தான். தன் பங்குப் பன்றிக்கொழுப்பை அடுத்தவன் தட்டில் போட்டுவிட்டு, 'எனக்குப் பல்லு வலி' என்று பொய் சொல்கிறவன்.

தாப்போவின் வாள் பலகைமேல் கிடந்தது. அதன் பிடியில் சிவப்புக் கம்பளி நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. குளிரில் எலும்புப் பிடி கையைக் கடிக்கும் என்று அவன் மனைவி வெதிக்கா சுற்றிக் கொடுத்தது. கோட்டையில் வேறு யார் வாளிலும் அந்த நூல் கிடையாது.

சௌதெனஸ் கத்தியை எடுத்து நூலை ஒரே வெட்டில் அறுத்தான். சுருள் சுருளாகக் கழன்று விழுந்ததை அள்ளி மெஸ்ஸிகஸின் கையில் கொடுத்தான். "நீயே போடுண்ணே. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மெஸ்ஸிகஸ் அதைக் கணப்பில் போட்டான். முடி பொசுங்கும் நாற்றம் எழுந்தது. வாளை எடுத்துத் தன் உறைக்குள் செருகினான். எல்லாம் ஒரே பட்டறை வாள்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. உறையின் வாய்த்தகட்டில் அவன் பெயர் குத்தியிருந்தது. இனி அது அவன் வாள்.

செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். கொட்டிய கஞ்சி சூடு என்று தெரிந்த மாதிரிதான் அதுவும் தெரிந்தது.

மறுநாள் தூறலில் வரிசை நின்றது. நூற்றுவர் தலைவர் கானினியஸ் தெற்கிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாடையை எப்போதும் மழமழவென்று மழித்திருப்பார். ஒவ்வொருவனாக நிறுத்தி, வாளை உருவச் சொல்லி, செருப்பைத் திருப்பி ஆணிகளை எண்ணி, மெஸ்ஸிகஸிடம் வந்தார்.

"உருவு."

உருவினான்.

"எண்ணெய் போட்டிருக்க. நல்லது. பிடியில ஒண்ணும் சுத்தலையா? இந்த ஊர் குளிருக்கு?"

"இல்லீங்க ஐயா."

"கெட்டிக் கை," என்று சொல்லிவிட்டுக் கானினியஸ் அடுத்தவனிடம் நகர்ந்தார்.

அப்போதுதான் கிடங்குக்கார அத்ரெக்தஸ் வந்தார். வயதாகி, ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர். கையில் காலி உறை. "ஐயா, செத்துப்போன தாப்போவோட சாமான் வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு. வாளக் காணோம்."

கானினியஸ் திரும்பினார். "இவன் அறைக்காரங்க யாரு?"

மெஸ்ஸிகஸும் சௌதெனஸும் மற்றவர்களும் ஓர் அடி முன்னே வந்தார்கள்.

"வாள் எங்க?"

சௌதெனஸ்தான் கடைசியில், "ஆத்துல போயிருக்கும்ங்க ஐயா," என்றான்.

"உருவினானா?"

"பாக்கலீங்க."

"சரி. இடைவார் இல்லாம எரிங்க."

வரிசையில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. இடைவார் கட்டியவன்தான் படைவீரன். அது இல்லாவிட்டால் சட்டை கணுக்காலுக்கு மேல் தொளதொளவென்று தொங்கும், வேலைக்காரன் மாதிரி. ஒழுங்காகச் செத்தவனை இடைவார் கட்டி, மார்மேல் வாளை வைத்து, அவன் கேடயத்தில் கிடத்தி, கொம்பு ஊதித் தூக்கிப்போவார்கள். சிதை மூட்டும்போது வாள் மட்டும் கிடங்குக்குத் திரும்பும். வாளைத் தொலைத்தவனுக்குக் கேடயம் கிடையாது, கொம்பு கிடையாது. கழுதை முதுகில் போட்டுக் கட்டி எடுத்துப்போக வேண்டியதுதான். அந்தக் கோட்டையில் வெகுகாலமாக அப்படி யாரும் போனதில்லை. அதனால்தான் சௌதெனஸுக்கு அது நினைவிலேயே இல்லை.

அத்ரெக்தஸ் மூக்கை உறிஞ்சினார். "ஐயா, ஆத்து வெள்ளத்துல, கழுதையப் பிடிச்சுக்கிட்டு நின்னவன்..."

"வெள்ளம் எல்லாருக்கும்தான் வந்துச்சு. இவங்க வாளெல்லாம் இருக்கே?" கானினியஸின் குரலில் கோபம்கூட இல்லை. "அவனுக்கு ரொம்ப நெருக்கமானவன் யாரு?"

எல்லோரும் மெஸ்ஸிகஸைப் பார்த்தார்கள்.

"நீ போய் அவிழ்த்துட்டு வா."

வரிசை கலைந்ததும் சௌதெனஸ் பின்னாலேயே ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, எனக்குச் சத்தியமாத் தெரியாதுண்ணே. பொணத்துக்கு என்ன தெரியப்போவுது, விடு. எரிஞ்சாச் சாம்பல்தானே. பெல்லிகாவ நெனச்சுக்க."

"ம்," என்றான் மெஸ்ஸிகஸ்.

தாப்போவைக் குளியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். வெதிக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இடைவாரில் வரிசையாகப் பதித்த வெள்ளிப்பூச்சுத் தகடுகளைத் தன் முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்துப் பெண். படை மொழியைப் பேசுவாள், கெட்ட வார்த்தைகளையும் சேர்த்து. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"வாங்கண்ணே. முகத்தப் பாருங்க, தூங்குற மாதிரியே இல்ல? சனியன், தூங்கும்போதும் இப்படித்தான் வாயத் திறந்து வச்சிருக்கும்."

மெஸ்ஸிகஸ் நின்றான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ண்ணே. வாளக் கிடங்குக்கு எடுத்துக்குவாங்க, தெரியும். நான் சுத்தின நூல மட்டும் கழட்டி எனக்குக் குடுத்துருங்க. அதுல அவரு கை வேர்வ இருக்கும்."

அவன் குனிந்து இடைவாரின் கொக்கியைப் பிடித்தான். பிடித்தானா என்று பார்த்துக்கொண்டான். விரல்கள் கொக்கியில் வழுக்கின.

"என்ன பண்றீங்க?"

"அவிழ்க்கச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"வாளக் காணோம்னு."

கத்துவாள் என்று அவன் நினைத்தான். அவள் கத்தவில்லை. முந்தானையை மடியில் போட்டுக்கொண்டாள். "அவரு எதையுமே தொலைக்க மாட்டாரே. ஒரு ஊசி தொலைஞ்சாக்கூட வீட்டையே புரட்டிப் போட்டுருவாரு," என்றாள். பிறகு, "அவிழுங்க. உங்களத்தான அனுப்பிச்சாங்க. வேற எவனோ தொடுறதுக்கு நீங்களே தொடுங்க."

கொக்கி வரவில்லை. மறுபடி இழுத்தான். விரல் மடங்க மறுத்தது.

அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கே!" சூடு பறக்கத் தேய்த்தாள். வாயால் ஊதினாள். "இந்தக் கைதான அவரப் பிடிச்சு இழுத்துச்சு. சௌதெனஸ் சொன்னான். கரைக்குக் கொண்டு வந்து சேத்தீங்களே, அதுவே போதும்ண்ணே. இல்லன்னா எனக்கு எரிக்கக்கூட ஒண்ணும் கெடைச்சிருக்காது."

அவள் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்தான். அவன் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

பெல்லிகாவை நினைத்துக்கொள் என்றான் சௌதெனஸ். நினைத்துப் பார்த்தான். முகம் வந்தது. கதவுச் சந்தில் நின்று, 'தகடு எவ்வளவு பெரிசுப்பா இருக்கும்?' என்று கையை விரித்துக் காட்டும் முகம். அதுவும் தூரத்தில் எங்கோ இருந்தது. தாப்போ கிட்டே இருந்தான். வாயைத் திறந்துகொண்டு.

கையை விடுவித்துக்கொண்டான். தன் இடைவாரின் கொக்கியை இழுத்தான். அது சட்டென்று வந்துவிட்டது. இடைவார் தரையில் விழுந்து தகடுகள் கலகலத்தன. வாளை உருவித் தாப்போவின் மார்மேல் வைத்து, அவன் கையை எடுத்து அதன் பிடிமேல் மடித்தான்.

"இது அவனுது. என்னுதுதான் ஆத்துல போச்சு," என்றான். "நூல எரிச்சுட்டேன்."

வெதிக்கா வாளையே பார்த்தாள். பிடியில் நூல் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

"எரிச்சுட்டீங்களா," என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. தகடுகளைத் தேய்க்கும் வேலையைத் தொடர்ந்தாள். அவன் போகும்வரை மறுபடி நிமிரவில்லை.

தானே போய் ஒப்புக்கொண்டவனைத் தலைமை மண்டபத்துக்கு முன்னால், போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்தினார்கள். இடைவார் இல்லை, செருப்பு இல்லை. சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"யாரு பெரியம்மா, ஊருக்குப் புதுசா?" என்றான் குதிரைக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒருவன்.

"துணி துவைக்க ஆள் கேட்டிருந்தோம், வந்துருச்சுடா!" என்றான் இன்னொருவன்.

மெஸ்ஸிகஸ் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதியத்துக்கு மேல் கானினியஸ் வந்தார். தூறலுக்குப் போர்வையைத் தலையில் போட்டிருந்தார்.

"ஒரு கேள்வி. நேராப் பதில் சொல்லு. அவனக் காப்பாத்தத்தான வாளக் கீழ போட்ட?"

மெஸ்ஸிகஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"ஒரு கையில கேடயம், ஒரு கையில வாள். அவன் முங்கறான். வாள விட்டுட்டு அவனப் பிடிச்ச. அப்படித்தான? அப்படின்னா சொல்லித் தொலை. கூட்டாளியக் காப்பாத்தப் பாத்தவன்னு நான் தளபதிகிட்டப் பேசறேன். மத்தத மறந்துருவாரு. உன் தகடு உனக்கு வரும்."

ஆறு மறுபடி வந்தது. பின்னால் கரையிலிருந்து எதிரிகளின் ஈட்டிகள். கழுதையின் கயிற்றோடு தாப்போ சரிகிறான். இரும்புச் சட்டை அவனைக் கீழே இழுக்கிறது. தான் திரும்புகிறான். கையில் வாள் இருக்கிறது. அப்புறம் கையில் தாப்போவின் தோள் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. தான் விட்டானா, மரத்துப்போன விரலிலிருந்து அதுவே நழுவி, வெறுங்கை ஆனபிறகுதான் தாப்போவைப் பிடித்தானா? எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது.

ஒரு வார்த்தை. 'ஆமாங்க.' அவ்வளவு போதும். தாப்போ செத்தது தனக்கு ஒரு பதக்கமாக ஆகிவிடும்.

"தெரியலீங்க ஐயா."

"என்ன தெரியல?"

"நான் விட்டனா, அதுவா நழுவிச்சான்னு தெரியல. கை மரத்துப் போச்சு."

கானினியஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குப் பைத்தியமா? நான்தான் கதவத் திறந்து விடறேனே!"

"தெரியாததச் சொல்ல வரலீங்க. அவன் பொண்டாட்டி கேட்டா நான் என்ன சொல்ல?"

கானினியஸ் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கொம்புச் சத்தம் கேட்டது. தாப்போவைக் கேடயத்தில் தூக்கி வந்தார்கள். இடைவார் கட்டியிருந்தது. மார்மேல் வாள். முன்னால் சௌதெனஸ் தோள் கொடுத்திருந்தான். அவன் மெஸ்ஸிகஸ் பக்கம் திரும்பவே இல்லை. வாளை மாற்றச் சொன்னது யார் என்று மண்டபத்தில் கேட்டபோது, 'நானேதான்' என்று மெஸ்ஸிகஸ் சொல்லியிருந்தான். அது சௌதெனஸுக்குத் தெரியும். பின்னால் வெதிக்கா வந்தாள். அவளும் பார்க்கவில்லை. ஊர்வலம் வாசலைத் தாண்டியபிறகும் தகடுகளின் கலகலப்பு மட்டும் காற்றில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மறுநாள் தளபதி தீர்ப்புச் சொன்னார். அவனைத் துரத்தவில்லை. தானாக வந்து ஒப்புக்கொண்டானாம். ஆனால் பழைய சேவை முழுக்க ரத்து. இன்றுதான் படையில் சேர்ந்ததாகக் கணக்கு.

மகளிடம் சொல்லப் போனான். பெல்லிகா வாசலில் நின்று கேட்டாள். "அப்ப தகடு வராதாப்பா?" என்றாள், பழையபடி கைகளை விரித்து. "வராதும்மா. வந்தாலும் நீ கெழவியாயிருப்ப," என்றான். அவள் விரித்திருந்த கைகளை மெல்லக் கீழே போட்டுவிட்டு, உள்ளே போய்த் தோல் துண்டுகளைப் பொறுக்கும் வேலையைப் பார்த்தாள். அவன் சிறிது நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினான்.

புதிதாகச் சேர்ந்தவன் கிடங்குக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். போனான். அத்ரெக்தஸ் பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்து நீட்டினார். உறையோடு ஒரு வாள். வாய்த்தகட்டில் தாப்போவின் பெயர். சிதை மூட்டும்போது கடைசியாக எடுத்ததில் எலும்புப் பிடியின் ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது.

"வேற இல்லையா?" என்றான் மெஸ்ஸிகஸ்.

"மேல இருக்கிறதத்தான் குடுக்கணும். அதான் முறை. உனக்குன்னு தோண்டி எடுக்க நான் என்ன உன் மாமனா?" அத்ரெக்தஸ் மூக்கை உறிஞ்சினார். "பேரக் குத்திக்க. ஊசியும் சுத்தியும் அங்க இருக்கு."

அறைக்குக் கொண்டுவந்து பலகையில் வைத்தான். சௌதெனஸ் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே நீதான் இந்த அறையில சின்னவன். தண்ணி தூக்கணும் தெரியுமில்ல, தம்பி?" என்றான்.

"தூக்கறேண்ணே," என்றான் மெஸ்ஸிகஸ்.

இரும்பு ஊசியைத் தாப்போவின் பெயருக்குக் கீழே வைத்துச் சுத்தியலால் தட்டினான். ஒரு புள்ளி. நகர்த்தித் தட்டினான். இன்னொரு புள்ளி. முதல் எழுத்து முடிந்து இரண்டாவதில் பாதி வந்தபோது, சுத்தியல் தவறிக் கட்டைவிரலில் விழுந்தது.

"ஆ!"

சௌதெனஸ் துள்ளி எழுந்தான். "என்னாச்சுண்ணே?"

மெஸ்ஸிகஸ் விரலைப் பார்த்தான். நகத்துக்கு அடியில் சிவப்பாக ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது.

"வலிக்குது," என்றான்.

விரலை வாயில் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஊசியை எடுத்து, அடுத்த புள்ளிக்கு நகர்த்தினான்.